ஊதாங்குழல் தெரிந்தால் லிபரேட்டர் பறக்கும்

மந்தைவெளி வீட்டு மேசையில், கணினி சிமுலேட்டரில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தைக் கிளப்பி, அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடல்மேல் ஏறுகிறோம். கீழே சாந்தோம் கோபுரம் தெரியும். பார்க்க ஆசைதான், ஆனால் கண் நான்கு எஞ்சின்களின் முள்களிலேயே இருந்தாக வேண்டும்.

அந்த எஞ்சின்களைப் புரிந்துகொள்ள விறகடுப்பு போதும். விறகைத் திணித்தால் மட்டும் தீ எரியாது, காற்றும் வேண்டும். காற்று குறைந்தால் புகைதான் மிஞ்சும். 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதி. எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும், எரிக்கக் காற்று போதாது. அங்கேதான் ஊதாங்குழல் வருகிறது. அதன் பெயர் டர்போ சூப்பர்சார்ஜர். இதில் ஊதுவது அடுப்பின் புகையேதான்! வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சுழற்சி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பிந்தைய லிபரேட்டர்களில் நான்கு குழல்களையும் ஒரே திருகு ஆளும். அதில் 0 முதல் 10 வரை எண்கள்.

அளவுக்கு மீறி ஊதினால் அடுப்பே வெடிக்கும். ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். ஏறும்போது வேகம் குறைவு, சூடு மிகுதி. எஞ்சினைச் சுற்றியுள்ள மடல்களைத் திறந்தால் சூடு தணியும், ஆனால் அவை காற்றை மறிப்பதால் விமானம் மந்தமாகும். எவ்வளவு திறப்பது என்பதில்தான் கைப்பக்குவம். ஓர் அடுப்பு அணைந்தால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும். எதிர்ப்பக்க மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சிமுலேட்டர் செய்வது ஓயாத கணக்கு. உயரம், வேகம், எடை, சூடு எல்லாவற்றையும் நொடிக்குப் பல முறை கூட்டிக் கழித்து, அடுத்த கணத்தில் விமானம் எங்கே இருக்கும் என்று தீர்மானிக்கிறது.

நம் நாட்டுக்கு இந்த விமானம் அந்நியமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷார் கான்பூரில் உடைத்துப் போட்டுச் சென்ற லிபரேட்டர்களை 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் ஒட்டுப்போட்டுப் பறக்கவைத்தார்கள். அரைகுறையாகச் சீரான அந்த எஞ்சின்களை நம்பிக் கான்பூரிலிருந்து பெங்களூர் வரை ஓட்டி வந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பு. இந்திய விமானப்படையில் அவை 1968 வரை பறந்தன. அவற்றில் ஒன்று இப்போது பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே சிமுலேட்டருக்கு லிபரேட்டர் வாங்குகிறவர்கள் எஞ்சின் தேய்மானத்தைக் கணக்கில் வைக்கும் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். எவ்வளவு ஊதினாலும் தாங்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு கான்பூர் விமானிகளின் வேலையை அறிய முடியாது.