ஆய்வின் மலிவான பாதி

ஆய்வாளர் கண்டறிந்த உண்மை அரசின் கொள்கையாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் குறை. அந்த உண்மையின் எந்தப் பகுதி அரசாங்கக் கோப்பில் ஏறுகிறது, எந்தப் பகுதி ஆய்விதழிலேயே தங்கிவிடுகிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இந்தியாவில் காசநோய்க்கு எதிராக எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சியை, அது சென்னையில் தொடங்கிய நாளிலிருந்து தொடர்ந்து பார்த்தால், இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பது புலப்படும்.

1950களில் காசநோயைக் குணப்படுத்தும் மருந்துகள் வந்துவிட்டபோதிலும், சிகிச்சை என்றாலே சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் பல மாதங்கள் தங்கி, ஓய்வும் நல்ல காற்றும் சத்தான உணவும் பெறுவது என்ற எண்ணமே மருத்துவர்களிடம் நிலைத்திருந்தது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோயாளிகளோ பல லட்சம் பேர். நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் அவர்களில் மிகச் சிலருக்கே போதுமானவை. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டால் நோய் குணமாகுமா, அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று பரவாதா என்று இந்திய அரசு 1955-இல் ஆலோசனை கேட்டதன் விளைவாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம். கேள்வியை எழுப்பியது அரசு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விடை கிடைத்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்ததற்கு அதுவே காரணம்.

பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அந்த மையம் நடத்திய ஆய்வில், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குச் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் வசதிக்கோ விடாமல் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்தனர்; இரு பிரிவினரும் மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒத்திருந்தால்தான் விளைவில் காணும் வேறுபாட்டைச் சிகிச்சை பெற்ற இடத்தின் கணக்கில் எழுத முடியும் என்பதே இதன் நோக்கம். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் ஆகிய ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவோடும் குறைந்த ஓய்வோடும் காலம் தள்ளினர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை கூடுதலாக ஏறியது. ஆனாலும் சளியில் கிருமி மறைந்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது. குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதும் தெரிந்தது.

இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. இந்தியாவில் 1962-இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம், வீட்டுச் சிகிச்சையைப் பொது மருத்துவமனைகள் வழியாகவே வழங்க முற்பட்டது. அதற்குப் பெங்களூரின் தேசிய காசநோய் நிறுவனத்தார் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய சமூகவியல் ஆய்வும் துணைநின்றது. நோயாளிகள் அறியாமையால் வீட்டிலேயே முடங்கியிருக்கவில்லை, அவர்களில் பாதிப் பேராவது ஏற்கெனவே மருத்துவமனையை நாடி இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்று அது கண்டது.

ஆனால் சென்னை ஆய்வுக்கு இன்னொரு பாதியும் இருந்தது. மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நோயாளி அதை உட்கொள்வார் என்று அந்த ஆய்வாளர்கள் நம்பிவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் தடயம் உள்ளதா என்று பார்த்தனர். உடம்பு தேறியதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை இப்படி அறிந்துகொண்டு, வாரத்துக்கு இருமுறை செவிலியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை 1960களின் தொடக்கத்திலேயே சோதித்து, அது பயன் தருவதையும் நிறுவினர். தேசியத் திட்டம் படுக்கைச் செலவை மிச்சப்படுத்திய முதல் பாதியை உடனே ஏற்றது. ஆளும் பணமும் கேட்ட இரண்டாம் பாதியை ஏற்கவில்லை. 1992-இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரியவந்தது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் ‘டாட்ஸ்’ முறை அதன் பின்னரே வெளிநாட்டு ஆலோசனையின் பெயரில் வந்து சேர்ந்தது. 2006-இல்தான் நாடு முழுவதையும் எட்டியது. சேத்துப்பட்டில் தெரிந்திருந்த ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையிடமான ஜெனீவா வழியாகச் சென்னைக்குத் திரும்பிவர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உணவு விஷயத்தில் நேர்ந்தது இதைவிட நுட்பமானது. கிருமியை மருந்து ஒழிக்குமா என்பதே சென்னை ஆய்வு கேட்ட கேள்வி. மெலிந்த உடலில் நோய் பிடிப்பது ஏன் எளிது என்று அது கேட்கவே இல்லை. எனினும் ‘நல்ல உணவு இல்லாமலே குணமாகிறது’ என்ற வரி, உணவு தேவையில்லை என்ற பொருளில் படிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் திட்டத்தில் ஊட்டச்சத்துக்கு இடமில்லாமல் செய்தது. அந்தக் கேள்வியைக் கேட்டது மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் சேத்துப்பட்டு நிறுவனத்துடன் சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ஆய்வு. 2,800 நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் என்ற அளவில் தரப்பட்டது. அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வந்தவர்களின் விகிதம் மற்றப் பிரிவைவிட 39 விழுக்காடு குறைவு என்று 2023-இல் வெளியான முடிவு கூறியது. அரிசியும் பருப்பும் தடுப்பூசிக்கு நிகரான வேலையைச் செய்தன என்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஆய்வும் நிர்வாகமும் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்று. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது. ஆகவே சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ தேவைப்படாத ஓர் எளிய வரிசைப்படுத்தும் முறையை வகுத்தன. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர் நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார். காலில் வீக்கம் உள்ளதா என்று அழுத்திப் பார்க்கிறார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜனைப் பார்க்கிறார். துணையின்றி நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் 14-க்குக் கீழே இருந்தாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, அவரை மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறார். 1959-இல் எல்லோருக்கும் தேவையில்லை என்று தெரிந்த படுக்கை, சிலருக்குக் கட்டாயம் தேவை என்பது இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது.

உணவுக்கான பாதை அவ்வளவு நேராக இல்லை. நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் செலுத்தும் மத்திய அரசுத் திட்டம் 2018-இலேயே வந்துவிட்டது. ஜார்க்கண்ட் முடிவுகள் வெளியானதற்குப் பின், 2024-இல் அந்தத் தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆய்வு சோதித்தது பொருளை. அரசு கொடுப்பது பெரும்பாலும் பணத்தை. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுத்ததே அந்த ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு. அந்த மற்றவர்களுக்கான உணவுப் பையைக் கொடுக்கும் பொறுப்போ, நோயாளிகளைத் தத்தெடுக்க முன்வரும் தனிநபர்களும் நிறுவனங்களும் அடங்கிய ‘நிக்ஷய் மித்ரா’ என்ற தன்னார்வத் திட்டத்திடம் விடப்பட்டிருக்கிறது.