மூழ்கிய ஊரும் முளைத்த மன்றமும்



தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி லயத்துக்கு வந்து சேரும் நாளில் எழும் பேச்சு நம்மில் பலருக்குத் தெரியும். வீடு என்னாகும்? கோயில் என்னாகும்? பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி என்னாகும்? முடிவு செய்தவர்கள் எங்கோ ஒரு நகரத்தில் இருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல நமக்கு வழி இருக்காது.

இதே கேள்விகளை 1950களின் நடுவில் பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில் ஒரு சிற்றூர் கேட்டது. அதன் பெயர் கேப்பல் கெலின். டிரவெரின் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்த ஊர் அது. சில வீடுகள், பண்ணைகள், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், ஒரு தேவாலயம், அதை ஒட்டிய இடுகாடு, அவ்வளவுதான். அங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலம் அன்று, வேல்ஸ் மொழி. நாம் துரைமார் அனைவரையும் 'வெள்ளைக்காரர்' என்று ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். அவர்களுக்குள்ளும் மொழி வேறு, இனம் வேறு, மனக்குறை வேறு என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் பெருநகரங்களுள் ஒன்றான லிவர்பூலுக்கு அப்போது தண்ணீர் தேவைப்பட்டது. டிரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி நீரைத் தேக்க அந்நகராட்சி முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் வேல்ஸிலிருந்து லிவர்பூலுக்கே சென்று தெருவில் ஊர்வலம் போனார்கள். பயனில்லை. வேல்ஸில் உள்ள ஊராட்சிகளின் அனுமதியைக் கேட்டு நிற்காமல், லண்டன் நாடாளுமன்றத்திலேயே தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்து 1957இல் நகராட்சி காரியத்தை முடித்துக்கொண்டது. வேல்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுள் ஒருவர்கூட அந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் அது சட்டமாயிற்று. ஏனெனில் அவர்கள் 36 பேர். நாடாளுமன்றத்தில் இருந்தவர்களோ 600க்கும் மேற்பட்டவர்கள்.

1965இல் ஊர் நீருக்கடியில் போயிற்று. சில கல்லறைகளிலிருந்து உடல்களை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவற்றைக் காங்கிரீட்டால் மூடி, அதன்மேல் தண்ணீரை விட்டார்கள். 40 ஆண்டுகள் கழித்து, 2005இல், லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

வாக்குரிமை இருந்தும், உறுப்பினர்கள் இருந்தும், தங்கள் மண்ணைப் பற்றிய முடிவு தங்கள் கையில் இல்லை என்பதை வேல்ஸ் மக்களுக்கு இந்த ஊர் எடுத்துக்காட்டியது. 1536இலும் 1543இலும் இயற்றிய சட்டங்களால் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்ட நாடு அது. நிலக்கரிச் சுரங்கமும் கற்பலகைச் சுரங்கமும் அதன் பிழைப்பு. 1966இல் வேல்ஸ் தேசியக் கட்சியான 'பிளைட் கம்ரி'யின் தலைவர் கின்வோர் எவன்ஸ், ஓர் இடைத்தேர்தலில் வென்று அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இதற்குப் பிறகு வேல்ஸ் மக்கள் எல்லாரும் ஒருமித்துத் தனிச் சட்டமன்றம் கேட்டார்கள் என்று நேயர்கள் நினைத்தால் அது தவறு. 1979 மார்ச் முதல் நாள் அவர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஐவரில் நால்வர் வேண்டாம் என்றனர். தெற்கே ஆங்கிலம் மட்டும் பேசியவர்களில் பலருக்கு, வேல்ஸ் மொழி பேசுவோர் தங்களை ஆள வந்துவிடுவார்களோ என்ற அச்சம். வடக்கே இருந்தவர்களுக்கு, தென்கோடியில் உள்ள தலைநகர் கார்டிஃப் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ளுமோ என்ற அச்சம். மன்றம் ஒன்று வந்தால் வரி கூடும் என்றவர்களும் உண்டு. ஓர் ஊர் மூழ்கியதற்கு எல்லாரும் வருந்தலாம். அதற்கு மருந்து என்ன என்பதில் ஒத்துப்போவது எளிதன்று.

மனம் மாற 18 ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் லண்டனில் இருந்தது கன்சர்வேடிவ் கட்சியின் ஆட்சி. வேல்ஸிலோ ஒவ்வொரு தேர்தலிலும் தொழிற்கட்சியே முதலில் வந்தது. 1984-85இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1987 முதல் 1997 வரை வேல்ஸுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர்கள் அனைவரும் இங்கிலாந்துத் தொகுதிகளின் உறுப்பினர்கள். வேல்ஸ் வாக்காளர் தேர்ந்தெடுக்காதவர் வேல்ஸை நிருவகித்தார்.

1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும், செப்டம்பர் 18ஆம் நாள் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. இரவு முழுவதும் எண்ணினார்கள். 'வேண்டாம்' என்ற பக்கமே முன்னால் நின்றது. கடைசியாகக் கார்மார்தன் வட்டாரத்தின் கணக்கு வந்தபோதுதான் தட்டு மறுபக்கம் சாய்ந்தது. வேண்டும் என்றோர் 5,59,419 பேர். வேண்டாம் என்றோர் 5,52,698 பேர். வேறுபாடு வெறும் 6,721 வாக்குகள். 1999இல் 60 உறுப்பினர்களுடன் மன்றம் கூடியது.

தொடக்கத்தில் அதற்குப் பெரிய அதிகாரம் இல்லை. லண்டன் இயற்றிய சட்டங்களுக்குள் விதிகள் வகுக்கலாம்; அவ்வளவே. 2011இல் நடந்த மற்றொரு வாக்கெடுப்புக்குப் பிறகே, கல்வி, மருத்துவம், விவசாயம், வீடமைப்பு, சுற்றுச்சூழல் முதலிய துறைகளில் முழுச் சட்டம் இயற்றும் உரிமை கிடைத்தது. பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, நாணயம் ஆகியவை லண்டனிடமே உள்ளன. செலவுக்கான பணத்தில் பெரும்பகுதியும் அங்கிருந்துதான் வருகிறது. இருப்பினும் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பயன்கள் உண்டு. 2007 முதல் மருத்துவர் எழுதித் தரும் மருந்தை வேல்ஸ் மக்கள் காசு கொடுக்காமல் பெறுகிறார்கள். இங்கிலாந்தில் அப்படி இல்லை. 2020 முதல் அம்மன்றத்தை 'செனெத்' என்ற வேல்ஸ் மொழிப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நம் மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசின் பொறுப்பு என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இது கூட்டாட்சி. வேல்ஸில் நடப்பது அதுவன்று; அதிகாரப் பகிர்வு. சட்டத்தின் பார்வையில் முழு அதிகாரமும் லண்டன் நாடாளுமன்றத்துக்கே உரியது; அது தன் கையில் இருப்பதில் ஒரு பங்கைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் அதற்குச் சட்டப்படி தடையில்லை. வேல்ஸ் மக்களின் வாக்கெடுப்பு இல்லாமல் மன்றத்தை ஒழிப்பதில்லை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது உண்மை. மன்றத்தின் துறைகளில் அதன் இசைவின்றி லண்டன் வழக்கமாகச் சட்டம் இயற்றாது என்ற மரபும் உண்டு. 'வழக்கமாக' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். 2020இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் வந்தபோது கார்டிஃப் மன்றம் இசைவு மறுத்தது. லண்டன் அதனை நிறைவேற்றிவிட்டது.

ஸ்காட்லாந்தின் கதை இதிலிருந்து வேறுபட்டது. அதனை அடுத்த உரையில் பார்ப்போம்.