கண் படம் பார்ப்பவருக்கும் பரீட்சை உண்டு



2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், நம் நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 100க்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. மலாய்க்காரர், சீனரைவிட நமக்குத்தான் அதிகம். இந்த வியாதி விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். வலி இராது. பார்வையும் வெகுநாள் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். மங்கலாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். அதனால்தான் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைப் படம் பிடிக்கச் சொல்கிறோம்.

"டாக்டர் பார்க்காம மிஸ்ஸி படம் எடுத்தாப் போதுமா ஐயா?" என்று செபராங் ஜெயா பக்கம் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஊருக்கு ஒரு கண் டாக்டரை அனுப்ப எந்த நாட்டாலும் முடியாது. மற்ற ஊழியர்களைப் பழக்கித்தான் ஆக வேண்டும். பழக்கி விட்டால் மட்டும் போதாது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர்களைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தேனிப் பக்கத்துக் கிராமங்களில் சிறு கண் நிலையங்களைத் திறந்தது. அங்கே கண்ணைச் சோதிப்பவர்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். அவர்கள் கண்டதை ஆஸ்பத்திரி டாக்டர் தூரத்திலிருந்தே திரையில் பார்த்து, நோயாளியிடமும் பேசுகிறார். ஊழியரின் வேலை தினமும் டாக்டர் கண்ணில் படுகிறது. அதுவே சோதனை, அதுவே பாடம்.

இங்கிலாந்தில் வேறு முறை. கண் படங்களைப் பார்த்துத் தரம் பிரிப்பவர்களுக்கு மாதந்தோறும் கணினி வழியாகப் பரீட்சை. 20 பேருடைய படங்கள் வரும். அவர் இருக்கும் ஊரிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். நிபுணர் சொன்னதோடு அதை ஒப்பிடுவார்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? நோயைத் தவற விட்டால் ஒருவர் கண் போகும். இல்லாத நோயை இருக்கிறது என்றால், ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வீணாக அலைவார். இரண்டும் ஏழைக்கு நஷ்டம்.

பலன் இருக்கிறதா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினர் பார்வை இழக்க, குறைந்தது 50 ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்தது இனிப்பு நீர்க் கண்நோய். அது அந்த முதல் இடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. இந்தக் கண் படத் திட்டமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

ஆகவே, இனிப்பு நீர் என்று தெரிந்தவுடனே கண் படம் எடுங்கள். பிறகு கிளினிக்கில் சொல்லும் தவணை தவறாதீர்கள். கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டாமல் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். படம் தெளிவாக விழுந்ததா, யார் பார்த்துச் சொல்வார், முடிவு எப்போது வரும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கண் படத்துக்குப் போகிறவர்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் நேரம் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் பேசுங்கள். கண் தெரிந்தால்தானே பால் மரமும் தெரியும், செம்பனைக் குலையும் தெரியும்!