ஊரார் அறிவும் ஊராட்சிப் பதிவேடும்

எம்மண்ணில் எந்நெல் தழைக்கும், எம்மூலிகை கால்நடைப் பிணி தீர்க்கும், எம்மாதத்தில் எப்பறவை ஏரிக்கு வரும் என்பவற்றைச் செய்யாற்றங்கரை மாகறல் போன்ற ஊர்களின் விவசாயப் பெருமக்கள் தலைமுறைகளாகக் கண்டறிந்து வந்துள்ளனர். எழுதி வைக்காவிடில் இவ்வறிவு முதியோருடன் மறைந்துபோகும்.

எழுத்துச் சான்றின் வலிமைக்கு மஞ்சளே உதாரணம். அது புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி வழக்காடவே, 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். ஊராரைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அதன் முக்கிய கடமை.

பதிவேட்டில் உள்ளூர்ப் பெயர், கண்ட இடம், நாள், பயன், கூறியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்தல் நன்று. ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுக. ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைக்க. ஆண்டுதோறும் கிராம சபையில் படித்துக் காட்டினால் பிழை திருந்தும், இளைஞரும் கற்பர். ஆயினும், ஒரு வைத்தியர் தம் குடும்ப மருந்து முறையை மறைவாக வைக்க விரும்பின், அவர் சம்மதமின்றி அதனை வெளியிடலாகாது. பகிர்தல் வேறு, பறிகொடுத்தல் வேறு.

அருகிலுள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் கல்லில் வெட்டப்பட்டமையால் ஆயிரம் ஆண்டு கடந்தும் நமக்குக் கிட்டியுள்ளன. நமக்கோ ஒரு பதிவேடு போதும். ஊராட்சி உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குவார்களாக.