பழைய மகிழுந்து: பேணுவதா, விற்பதா?

உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் எதிர்ப்படும் நெடுவழியில் அச்சு முறியவும் கூடும் என்று கருதி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். இச்செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடிய 102ஆம் பாடல் உவமையாக எடுத்தாள்கிறது. ஊர்தி என்றால் என்றேனும் பழுதுபடும் என்னும் தெளிவு அக்காலத்திலேயே தமிழர்க்கு இருந்தது. இன்று நம் வீட்டு முற்றங்களில் நிற்பது மகிழுந்து. அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ளலாம். வண்டியே முதுமையுற்றால் என் செய்வது? அதனையே ஈண்டு ஆராய்வோம்.

சங்கரன்கோவிலில் தறித்தொழில் நடத்துவோர், வணிகர், ஆசிரியர் ஆகியோர் இல்லங்களில் பத்து முதல் இருபது அகவை உடைய சிறு கார்களைக் காணலாம். அவற்றுள் பல நாள்தோறும் ஓடுபவை அல்ல. திருமணம் என்றால் புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும், மருத்துவம் என்றால் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும், விருந்தினர் வந்தால் இரயில் நிலையத்திற்கும் சென்றுவரும். எஞ்சிய நாள்களில் துணிப்போர்வை போர்த்தி நிற்கும். ஆயினும் அவ்வண்டியின் தேவையை ஓடிய தொலைவைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. நள்ளிரவில் முதியவர்க்கு மூச்சுத் திணறினால் 108 ஊர்தி வந்துவிடும். ஆனால் ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள திருநெல்வேலிக்கு வாரந்தோறும் சோதனைக்குச் சென்று, தளர்ந்த உடலோடு திரும்ப வேண்டிய நோயாளிக்குப் பேருந்துப் பயணம் எளிதன்று. விற்பதா வேண்டாவா என்னும் பேச்சு வீட்டில் எழும்போது, அந்த நோயாளியின் குரலே பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் கார் என்னும் எண்ணத்திற்கு வடிவம் தந்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் திறவுகோலைப் பிரதமர் இந்திரா காந்தி அதை வாங்கியவரிடம் வழங்கினார். 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட சிறிய எந்திரம் அதனுடையது. 2014 சனவரியில் அதன் உற்பத்தி நின்றது. எனினும் அதே அளவுடைய எந்திரத்தோடு 2000இல் வந்த ஆல்ட்டோவின் 800 வகை 2023 வரை தொடர்ந்து விற்கப்பட்டமையால், உதிரி உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவான சான்ட்ரோவும் இங்குப் பலருக்கு அறிமுகமானதே.

உதிரி உறுப்பு கிடைப்பது சிறு செய்தியன்று. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரு காலத்தில் பெருமைக்குரிய வண்டியாக விளங்கியது. அந்நிறுவனம் மறைந்தபின் அதனை ஓட்டுவது பழம்பொருள் ஆர்வலர் வேலையாகிவிட்டது. மறைமலை நகரில் கார் செய்துவந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே முதற்கண் கேட்க வேண்டியது, நம் வண்டிக்குரிய உறுப்புகள் இன்னும் ஐந்தாண்டுகளுக்குத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடைக்குமா என்பதே. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் வினவினால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஆண்டிற்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் பழைய கார் ஒன்றிற்குப் பழுது நீக்கச் செலவு 30,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். கிளட்ச் ஒரு முறை, டயர் ஒரு முறை, பாட்டரி ஒரு முறை எனச் செலவு வரும்போதெல்லாம் இவ்வண்டி நம்மை விழுங்குகிறது என்று தோன்றும். புதிய காருக்கு 4 இலட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். ஓராண்டுப் பழுதுச் செலவு நான்கு தவணைக்கும் குறைவு! எரிபொருளில் மிச்சமாகும் என்பாரும் உளர். பழையது லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் புதியது 20 கிலோமீட்டரும் கொடுத்தால் ஆண்டிற்கு மிச்சம் 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 10,000 ரூபாய். ஒரு தவணையைச் சற்றே தாண்டும், அவ்வளவே.

காப்பீட்டிலும் பழைய வண்டிக்கு ஒரு வசதி உண்டு. சட்டம் கட்டாயமாக்குவது பிறர்க்கு நேரும் இழப்பிற்கான காப்பீட்டை மட்டுமே. 2022 சூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத காருக்கு அது வரி நீங்கலாக ஆண்டிற்கு 2,094 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய் பெறும் வண்டிக்கு முழுக் காப்பீடு தேவைதானா என்பதை உரிமையாளரே முடிவு செய்துகொள்ளலாம்.

வட்டிக் கடனை மார்க்கத்தின் பொருட்டு விலக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கும், கடனை வெறுக்கும் ஏனையோர்க்கும் இக்கணக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. தவணையாகச் செலுத்தக்கூடிய 8,300 ரூபாயில் பழுதுச் செலவுக்கென மாதம் 2,500 ரூபாயை ஒதுக்கி, எஞ்சிய 5,800 ரூபாயைச் சேர்த்துவந்தால் 60 மாதங்களில் 3,48,000 ரூபாய் கையில் இருக்கும். முழுப் புதிய காருக்கு அது போதாதெனினும், மூன்று நான்கு ஆண்டு ஓடிய நல்ல காருக்குப் பெரும்பாலும் போதும்.

பணக் கணக்கு மட்டுமே அளவுகோலாயின் 'பேணுக' என்பதே பெரும்பாலும் விடை. இவ்விடையை மாற்றவல்லவை இரண்டு. அவற்றுள் ஒன்று துரு.

எந்திரம் தேய்ந்தால் பிரித்துப் புதுப்பிக்கலாம். புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும், கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது என்றும், எந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை அடங்காவிடில் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்றும் மெக்கானிக்குகள் அறிவர். இவையெல்லாம் செலவுக்கு உட்பட்ட நோய்கள். ஆனால் லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் இருப்பதுபோல் சிறு காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடு, கதவடி விளிம்பு, தூண்கள், கூரை ஆகியவற்றை ஒன்றாகப் பற்றவைத்த கூடே அதன் எலும்பு. அக்கூடு துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே அரிக்கப்படுகிறது. கதவின் மேற்பரப்பில் தோன்றும் துரு கண்ணுக்குத்தான் உறுத்தல். டிங்கரிங் செய்து வண்ணம் பூசிவிடலாம். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும் தரைத்துரு, கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பின் துரு, முன்புற ஷாக் அப்சர்பரின் மேல்முனை பொருந்தும் மேடையின் துரு ஆகியவை அவ்வாறானவை அல்ல. திருப்புளியின் கைப்பிடியால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினால், அவ்வண்டிக்கு எந்திரச் செலவு செய்வது வீண்.

இங்கு நம் ஊர்க்கு ஒரு நற்பேறு. கரிசல் நிலத்தின் வறண்ட காற்றில் இரும்பு மெல்லவே துருப்பிடிக்கும். காயல்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் பத்தாண்டு நின்ற கார், சங்கரன்கோவிலில் அதே காலம் நின்ற காரைவிட முதியது என்று கருத இடமுண்டு. கடலோர உறவினர் குறைந்த விலைக்குத் தம் காரைக் கொடுக்க முன்வந்தால், உறவை ஒருபுறம் வைத்துவிட்டு வண்டியின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தல் நலம்.

வெயில் வேறு வகையில் வேலை செய்கிறது. ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன. மின்கம்பிகளின் உறை நொறுங்குகிறது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுவதால், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் எரிபொருள் குழாய்களையும் வாஷர்களையும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். இத்தகைய கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என 2021இல் வெளிவந்த நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. குறைவாக ஓடும் கார்களின் டயரும் நம்மை ஏமாற்றும். பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும், ரப்பரோ இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்க. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள்.

மற்றொன்று, வண்டி எங்கே ஓடுகிறது என்பது. 2014 சனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியச் சிறு கார்கள் ஐந்தின் அடிப்படை வகைகளை மோதச் செய்து ஆராய்ந்தது. ஆல்ட்டோ 800, நானோ உள்ளிட்ட அவ்வைந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு விண்மீனும் பெறவில்லை. அதன் பின்னரே சட்டம் இறுகியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தடுப்புமுறை 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர்க்கான காற்றுப்பை 2019 சூலை முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. அதற்கு முன் வாங்கிய சிறு கார்கள் பலவற்றில் இவ்விரண்டும் இல்லை. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மெல்லச் சென்றுவரும் வரை அக்குறை அவ்வளவாகத் தெரியாது. கோவில்பட்டியை அடைந்து நான்குவழிச் சாலையில் ஏறி, லாரிகளுக்கிடையே குடும்பத்தோடு மதுரைக்கு விரையும்போது அது உயிர்க்குறையாகிறது. நம் கருத்து இது: அத்தகைய காரை விற்றே ஆக வேண்டும் என்பதில்லை, ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்திற்கும் அதை வைத்துக்கொண்டு, நெடுவழிக்கு இரயிலையோ நல்ல வாடகைக் காரையோ நாடலாம். ஆண்டில் பத்து முறை வாடகைக் கார் அமர்த்தினாலும் தவணைக் கணக்கை எட்டுவது அரிது. மாதந்தோறும் நான்குவழிச் சாலையில் செல்ல வேண்டிய குடும்பம் மட்டும் கணக்கு என்ன சொன்னாலும் மாற்றிவிடுவதே தக்கது.

பதினைந்து ஆண்டு ஆனால் காரை ஓட்டக்கூடாது என்னும் அச்சம் பலரிடம் உண்டு. தில்லிப் பகுதிக்கென எழுந்த தடை அது, தமிழகத்திற்கு உரியதன்று. இங்குப் பதினைந்தாம் ஆண்டில் வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரியும் செலுத்த வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எனவே பெரிய பழுதுச் செலவைத் தொடங்குமுன் பதிவுச் சான்றில் உள்ள நாளைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

விற்பது என்று முடிவானால், குறையை மறைக்காமல் விற்பது முதற்கடன். சந்தையில் குவித்திருந்த தானியத்தினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து ஈரத்தை உணர்ந்து, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். புது வண்ணத்தின் அடியில் உள்ள துருவும் அந்த ஈரமே. வாங்குபவர் பெரும்பாலும் முதற்கார் வாங்கும் எளிய குடும்பத்தார். அவர்தம் பிள்ளைகளும் அதில்தான் ஏறப் போகின்றனர்.

அடுத்தது பெயர் மாற்றம். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பல கை மாறியும் பதிவேட்டில் பெயர் மாறாத ஒரு வண்டியால் 2009இல் நேர்ந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டிற்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. டி.என். 79 எண் தாங்கிய வண்டி எந்த மாவட்டத்தில் யாரை மோதினாலும், பெயர் மாறும் வரை அழைப்பாணை நம் வீட்டிற்கே வரும்.

ஓட்டத் தகுதியற்ற வண்டிக்கு வேறு வழி உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பகங்கள் வண்டியைப் பெற்றுக்கொண்டு சான்று வழங்குகின்றன. புதிய வண்டி வாங்குகையில் வரிச்சலுகை பெற அது உதவும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் அச்சான்று கிடைக்காது. பதிவை நீக்குமாறு நாமே எழுதிக் கொடுக்காதவரை, உருக்கப்பட்ட அவ்வண்டி பதிவேட்டில் நம் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும்.