கிளிஞ்சல் சுண்ணாம்பும் நிலக்கரிச் சாம்பலும்

கைவினை மரபில் வந்த பொருள்களை இக்கால வீட்டுக்குப் பொருந்தும்படி அமைத்து, சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டையும் குறைக்க முயலும் போக்கு உள் அலங்காரத் துறையில் இப்போது 'நீடித்த வடிவமைப்பு' என்னும் பெயரில் பரவிவருகிறது. ஆத்தங்குடித் தரைக்கல், பத்தமடைப் பாய், இடித்த வீடுகளில் கிடைக்கும் பர்மா தேக்கு, பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடை எனத் தமிழ்நாட்டில் இதற்குரிய பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் பெரும்பங்கு சுவருடையது. அதைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் வண்ணத்தோடு நின்றுவிடுகிறது. சுவர் எதனால் ஆனது, அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்குவோர் சென்னையைப் பொறுத்தவரை எண்ணூர் வரை போக வேண்டியிருக்கும்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும் அதற்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியும் மட்டியும் சிப்பியும் செழித்த உவர்நீர்ப் பரப்புகள். அவ்வுயிரிகள் விட்டுச்சென்ற ஓடுகளே கிளிஞ்சல். அது ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட் என்பதால், கருங்கல் தவிர வேறு கல் அரிதான கடலோர நகரம் சுண்ணாம்புக்கு அதையே நம்பியிருந்தது. பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் 1806-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியாகிவிட்ட அதன் வழியே விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகேறி நகருக்கு வந்தன. அதற்கு முன்பே, 1780-இல் சென்னை வந்திறங்கிய ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், சுண்ணாம்பு பூசிய இங்குள்ள தூண்வரிசைகள் பளிங்குபோலத் தோன்றியதைத் தம் பயண நூலில் வியந்திருக்கிறார். ஐரோப்பியர் 'மெட்ராஸ் சுனாம்' என்று அழைத்த பூச்சு இதுதான்.

அதன் செய்முறையில் விலையுயர்ந்த பொருள் எதுவும் கிடையாது. செலவாவதெல்லாம் காலமும் கையுழைப்பும்தான். கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதன்மேல் நீர் தெளிக்கும்போது கொதித்து மலர்ந்து பொடியாவதைச் சுண்ணாம்பு நீற்றுதல் என்பர். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, நாள்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைக்கிறார்கள். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டிக் கலவையைக் குழைவாக்குகிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் அதைக் கெட்டிப்படுத்த உதவுவதாகக் கொத்தனார்கள் கருதுகின்றனர். மணல் கலந்த முதற்பூச்சு, அதனினும் மென்மையான இரண்டாம் பூச்சு ஆகியவற்றின்மேல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பை மெல்லிய படலமாக இழுத்து, ஈரம் காயுமுன் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து மீண்டும் தேய்ப்பார்கள். மெருகு வருவது இந்தத் தேய்ப்பில்தான்; அதன்மேல் வண்ணம் பூசும் தேவை இல்லை.

இத்தகைய பூச்சு வடசென்னைக்கு ஏன் ஏற்றது என்பதற்கு அழகியல் காரணம் தேட வேண்டியதில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வீடுகளில் உப்புக்காற்றும் நிலத்தடி உவர்நீரும் சேர்ந்து சுவரில் ஓதம் ஏற்றுகின்றன. சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாததால், உள்ளே தங்கிய உப்பு படிகமாகிப் பூச்சைப் பொரித்து உதிர்த்துவிடுகிறது. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாக வெளியே விடுகிறது. அது காரத்தன்மை உடையது என்பதால் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. சிமெண்டுக்கு ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை, சுண்ணாம்புக்கோ 900 பாகை அளவே போதும். மேலும், சூளையில் ஓட்டிலிருந்து வெளியேறிய கரியமில வாயுவின் பெரும்பகுதியைப் பூச்சு சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. எரித்த கரியின் புகை மட்டும் கணக்கில் அப்படியே நிற்கும் என்பதை விற்பனைக் கையேடுகள் சொல்வதில்லை.

எண்ணூர் இன்று சுவருக்குத் தரும் பொருள் வேறு. 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தைத் தொடர்ந்து வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இப்பகுதியில் நிலக்கரி எரித்துவருகின்றன. இந்திய நிலக்கரி நூறு டன் எரிந்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சும். அதில் புகையோடு மேலெழும் மிக நுண்ணிய பகுதியே பறக்கும் சாம்பல், அதாவது ஃபிளை ஆஷ். அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுமானங்களில் இதைப் பயன்படுத்தும்படி மத்திய அரசு 1999-இல் ஆணையிட்டது; 2021 இறுதியில் வந்த அறிவிக்கை சாம்பல் முழுவதையும் பயன்படுத்தும் பொறுப்பை மின் நிலையங்கள்மீது சுமத்தியது. சூளையில் சுடாமல், அழுத்தி நீராற்றிச் செய்யப்படும் ஃபிளை ஆஷ் கற்கள் சென்னையெங்கும் பரவியிருக்கின்றன. சாம்பல்நிறக் கல்லைப் பூசாமல் அப்படியே விடும் வரவேற்பறைகளும் உண்டு.

மரபு இங்கேதான் எதிர்பாராத வகையில் திரும்பி வருகிறது. சுண்ணாம்பு காற்றில் இறுகுவதற்கு நெடுநாள் ஆகும் என்பதால் பழைய கொத்தனார்கள் செங்கல்லைப் பொடித்துச் 'சுர்க்கி' என்ற பெயரில் காரையில் சேர்த்தனர். சுட்ட களிமண்ணின் சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரிலும் இறுகும் பிணைப்பைத் தந்தது. ரோமானியர் இதற்கு எரிமலைச் சாம்பலைப் பயன்படுத்தினர். உலையில் வெந்த பறக்கும் சாம்பலும் அதே வினையையே புரிகிறது. தேக்கு விட்டங்கள்மீது சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் ஃபிளை ஆஷ் கல்லும் வேதியியலில் நெருங்கிய உறவினர் என்றால் மிகையில்லை.

2012-இல் தீக்கிரையான சேப்பாக்கத்துக் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டு புதுப்பித்தது, இம்முறைகள் இன்றும் பெரிய அளவில் கைகூடும் என்பதற்குச் சான்று. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்தது தொடர்பான வழக்கை விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது இயங்குவதும் அந்தக் கட்டடத்தில்தான்.

அந்த வழக்கு உள் அலங்காரத்துக்குப் புறம்பானதன்று. உலர்சாம்பலாகப் பிடிக்கப்படாத பகுதி நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்பப்படுகிறது. அக்குழாய்கள் கசிந்து சாம்பல் கழிமுகத்தில் படிந்ததால், ஒரு காலத்தில் கிளிஞ்சல் தந்த சேற்றுப்படுகையே மூடுண்டது. உயிருள்ள மட்டிப்படுகைகளைத் தோண்டி எடுத்த கிளிஞ்சலும் இதே கேட்டைத்தான் செய்யும். மட்டி உணவுத் தொழிலில் கழியும் ஓடும் கல் சுண்ணாம்பும் கிடைக்கும்போது அப்படித் தோண்டத் தேவையும் இல்லை. தவறான நம்பிக்கை ஒன்றும் உலவுகிறது: சாம்பல் கல் வாங்கினால் ஆற்றிலுள்ள சாம்பல் குறையும் என்பது. கழிமுகத்தில் படிந்த சாம்பல் உவர்நீரில் ஊறியது. அதைக் கொண்டு கல் செய்தால் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும், உள்ளே கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். நுண்மையும் வினைத்திறனும் உள்ளது மின் நிலையத்தின் நிலைமின் வடிகட்டியில் பிடித்த உலர்சாம்பல் மட்டுமே. ஆகவே கல் வாங்குவோர் விற்பவரிடம் சாம்பல் உலர்நிலையில் வந்ததா, குட்டையிலிருந்து அள்ளியதா என்று கேட்டு, கல்லைச் சில நாள் நீரில் பாதி நிறுத்தி உலரவிட்டு மேற்பரப்பில் வெள்ளை பூக்கிறதா என்று பார்த்த பிறகே லாரியை வரச் சொல்வது நல்லது.