யன்னலோரம் ஒரு கமரா

திருக்கேதீஸ்வரம் நிலையத்தை விட்டுக் கோச்சி புறப்பட்டதும், மன்னார்த் தீவை எட்டுமுன் இருபுறமும் ஆழமில்லாத கடல் விரிகிறது. பருவத்தில் வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகளையும் காணலாம். யன்னலோரம் இருப்பவருக்கு எல்லாம் தெரியும்; தான் ஏறியிருக்கும் கோச்சி மட்டும் தெரியாது. தொலைக்காட்சிக்கு ரயில் பயணத் தொடர் எடுப்பவர்களின் முதற் சிக்கல் இதுதான்.

இவ்வகைத் தொடர்களுக்கு முன்னோடி, 1980இல் பி.பி.சி. ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'உலகின் மாபெரும் ரயில் பயணங்கள்'. பகுதிக்கு ஒரு பயணி, ஒரு பாதை. ஜப்பானின் டிவி அசாஹி 1987இல் தொடங்கிய தொடரோ, உலக ரயில்களின் யன்னற் காட்சிகளைச் சில நிமிடத் துண்டுகளாகக் காட்டியது.

படமெடுக்க இரண்டு பார்வைகள் வேண்டும். ஒரு கமரா பெட்டிக்குள் பயணிகளோடு இருக்கும். கண்ணாடியில் உள்வெளிச்சம் பிரதிபலிக்காதிருக்க வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் கறுப்புத் துணியால் மூடுவார்கள். திறந்த யன்னலென்றால் காற்று இரையும். ஒலிவாங்கிக்கு மயிர்ப்போர்வை போடவேண்டும். இன்னொரு கமரா வாகனத்தில் முந்திச் சென்று, கடவையிலோ பாலத்தருகிலோ காத்திருக்கும். கடந்துபோன கோச்சி மறுபடி எடுப்பதற்காகத் திரும்பி வராது. அதனால் வெவ்வேறு நாட்களில் எடுத்ததைக் கோத்து ஒரே பயணமாக்குவார்கள்.

மூன்றாவது பார்வை ஒன்றும் உண்டு: பயணிகளின் நினைவு. மன்னார்த் தீவு வழியாகச் செல்லும் தலைமன்னார்ப் பாதைக்கு அது இல்லாமல் முடியாது. 1914இல் இந்தியக் கரையில் பாம்பன் பாலமும் இக்கரையில் இந்தப் பாதையும் திறக்கப்பட்டன. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் கடல் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் கொழும்புக் கோச்சி பிடித்தார். அன்று அக்கரையில் தண்டவாள அகலம் ஒரு மீற்றர். இக்கரையில் 1,676 மில்லிமீற்றர். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. 1984இல் போரினால் அதுவும் நின்றது. 1990இல் கோச்சியும் நின்றது. பாதையைப் புதிதாக அமைத்து, 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை மீண்டும் ஓடவிட்டார்கள்.

பயண எழுத்தாளர் பால் தெரூ 1975இல் வெளியிட்ட ரயில் பயண நூலில் தலைமன்னார் மெயிலுக்குத் தனி அத்தியாயமே உண்டு. வெளிநாட்டார் ஒருவர் எழுதிவைத்ததை நாமும் நம் மொழியில் படமாக்க வேண்டாமா? அந்தக் கப்பலில் கடல் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பாவோ அம்மம்மாவோ இருந்தால், கைத்தொலைபேசியை எடுத்து, அவர்கள் சொல்வதை இந்த வாரமே பதிவுசெய்யுங்கள். கோச்சியை நாளையும் படமெடுக்கலாம்.